பெரிய வெள்ளை ஏறிய நேரம்

"தப்பு அடிக்கும் கந்தப்பன், தொடர்ந்து நேரம் பிந்தியதால் அந்த வேலையிலிருந்து நீக்கப்பட்டான். 19 ஆகஸ்ட் 1968."

மடுல்சீமை வீதியிலுள்ள எங்கள் பதினோராங்கட்டைத் தோட்டத்து அலுவலகத்தில், ஒரு பழைய கோப்பில், இந்த வரி ஆங்கிலத்தில் இருக்கிறது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வருடம் அலைந்த எனக்கு அந்த அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர் வேலை கிடைத்தது. கறையான் அரித்த கோப்புகளை வெயிலில் காயவைத்தபோது இது கண்ணில் பட்டது. படித்ததும் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் பாதிதான் தோட்டத்தின் மேல். மீதி யார் மேல் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கந்தப்பன் ஒரு நாளும் பிந்தியதில்லை. அதைவிட, நேரம் பார்த்தவர் கந்தப்பனே இல்லை. பதினான்கு வருடம் எங்கள் தோட்டத்துக்கு நேரம் பார்த்தவர் அவருடைய மனைவி மாரியாயி. அந்தப் பெயர் கோப்பில் எங்குமே இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டம் தப்புச் சத்தத்தில்தான் எழும். விடிகாலை நாலரைக்கு வரிசை வீடுகளான மேட்டு லயத்து முனையில் நின்று கந்தப்பன் அடிப்பார். அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, கைக்குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு, ஆறு மணிக்குப் பெண்கள் பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கேதான் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலையில்லை, திரும்பிப் போக வேண்டியதுதான்.

கந்தப்பனுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் தன் கையே அவருக்குத் தெரியாது. அதனால் வானம் பார்ப்பது மாரியாயியின் வேலை ஆயிற்று. ஐந்து பிள்ளைகள் பெற்று, ஐந்துக்கும் இரவில் பால் கொடுத்தவர். லயத்துக் காம்பராவில் புகை தாங்காது என்று வாசலில் உட்கார்ந்து பால் கொடுப்பார். கிழக்கே எங்களுக்கு நேர் எதிரில் மலை. அந்த மலை விளிம்பில் எந்த மீன், எந்த நட்சத்திரம், எப்போது ஏறுகிறது என்று அவருக்கு மனப்பாடம். நேரம் வந்ததும் வீட்டுக்குள் போய்க் கந்தப்பனின் முதுகில் தட்டுவார். அதே தட்டு தப்பில் எழும்.

இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று நாங்கள் அப்படிப் பேசியதில்லை. தப்படிக்கிற சாதி என்று எங்கள் வீட்டில் மாரியாயியின் கையால் தண்ணீர் வாங்க மாட்டார்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். பல்கலைக்கழகத்தில் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியவன் நான். லயத்துக்கு வந்ததும் என் வாய் பழைய வாயாகிவிடும்.

1968 ஆகஸ்டில் முதல் வருடம் முடித்து விடுமுறையில் வந்திருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் பீலிக்கு நான் போக வேண்டியிருந்தது. மலை ஊற்றிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் அந்த இடத்தில், தப்புக்கு முன்பே பெண்கள் வாளியோடு வரிசை பிடித்திருப்பார்கள்.

"பட்டம் வாங்கப் போனவரு வாளியோட வந்திருக்காரு" என்று சிரித்தாள் ஜெயலெட்சுமி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, யாரையும் விடமாட்டாள்.

"ஏன் தம்பி, கம்பஸ்ல என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க?" என்று கேட்டார் மாரியாயி.

தலைக்கு மேல் அத்தனை நட்சத்திரம் இருந்ததாலோ என்னவோ, பைதகரஸ் பற்றிக் கேட்ட விரிவுரை நினைவுக்கு வந்தது. ரொம்பக் காலத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டில் ஒருவர் இருந்தார் என்று ஆரம்பித்தேன்.

"சூரியன், சந்திரன், கெரகம் எல்லாம் சுத்துறப்ப ஒவ்வொண்ணும் ஒரு சத்தம் போடுதுன்னு அவரு சொன்னாராம். கம்பி நீளத்துக்குத் தக்கபடி வீணையில சுரம் மாறுற மாதிரி, அதுங்க நடுவுல இருக்கிற தூரத்துக்குத் தக்கபடி சுரம். எல்லாம் சேந்து ஒரு சங்கீதம்."

"நமக்குக் கேக்கலையே" என்றாள் ஜெயலெட்சுமி.

"பொறந்ததுல இருந்து நிக்காம கேட்டுக்கிட்டே இருக்கோம். அதனால காதுக்குத் தெரியறதில்லையாம்."

"ரோதை மாதிரி" என்றார் மாரியாயி உடனே. "ஸ்டோருக்குப் பக்கத்து லயத்துக்காரங்களுக்குத் தேயிலை அரைக்கிற ரோதைச் சத்தம் கேக்கவே கேக்காது. ரோதை நின்னாத்தான் திடுக்குன்னு முழிச்சிக்குவாங்க."

எங்கள் விரிவுரையாளர் இதற்குக் கொல்லன் பட்டறையை உதாரணம் காட்டியிருந்தார். அரை மணி நேரம் அவர் விளக்கியது இந்த இரண்டு வாக்கியம்தான்.

"அந்த ஐயா எந்தத் தோட்டம்?" என்றாள் ஜெயலெட்சுமி. வரிசையே சிரித்தது.

மாரியாயி சிரிக்கவில்லை. "ஆனா தம்பி, கேக்காதுன்னு அவரு சொன்னது சரியில்ல. இந்தா கேளுங்க" என்று வாளியைக் கவிழ்த்து வைத்தார். "மொதல்ல ஆறாமீன் ஏறும்." ஒரு தட்டு. "கொஞ்ச நேரம் விட்டு செவப்பு மீன்." இன்னொரு தட்டு. "அதைவிடக் கூட விட்டு, வரிசையா மூணு மீன். அதையும்விடக் கூட விட்டு, பெரிய வெள்ளை." நாலாவது தட்டு விழுந்தபோது, சின்ன வயதிலிருந்து நான் கேட்டு எழுந்த தப்பு அதுதான் என்று புரிந்தது. டண், டண், கொஞ்சம் நிறுத்தி டண், அதைவிட நிறுத்தி டண். பதினான்கு வருடம் வானத்தின் இடைவெளிகளைக் காதில் வாங்கிக்கொண்டே புரண்டு படுத்திருக்கிறேன்.

"இப்பல்லாம் பெரிய வெள்ளை மலை விளிம்புக்கு வந்தா தப்படிக்கிற நேரம்" என்றார் அவர். "ஆனா அது நாளுக்கு நாள் முந்திக்கிட்டே வரும். அதனால ரெண்டு நாளைக்கு ஒரு வெரல் கூட ஏற விட்டு அடிக்கணும்." கையை நீட்டி, விரல்களைப் படுக்கையாக மலை விளிம்பில் வைத்துக் காட்டினார்.

நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பைதகரஸுக்குக் கீழே மாரியாயி. பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு வாரம் தாங்கவில்லை.

அந்த வாரம் புதிதாக வந்த பெரிய கிளாக்கர் ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருக்கும் சுவர்க் கடியாரம் நாலரை காட்டும்போது காவல்காரன் லாந்தரை ஆட்டுவான். அதைப் பார்த்துத் தப்பு அடிக்க வேண்டும். முதல் நாள் லாந்தர் ஆடியபோது மாரியாயி மலையைப் பார்த்தார். பெரிய வெள்ளை இன்னும் விளிம்புக்கு வந்து சேரவில்லை. அதற்குள் மூன்று விரல் ஏறியிருக்க வேண்டிய மீன்.

"கடியாரத்துக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று அவர் கந்தப்பனின் முதுகைத் தட்டவில்லை. மூன்று நாள் மீன் ஏறிய பிறகே தட்டினார். மூன்று நாளும் கந்தப்பனுக்கு வசவு விழுந்தது.

நாலாம் நாள் கிளாக்கர் பெரட்டுக் கடியாரத்தையும் ஸ்டோர்க் கடியாரத்தோடு ஒத்து வைத்தார். ஆறு மணிப் பெரட்டுக்குப் பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியவில்லை. கேட்டவர்களுக்குக் கிளாக்கரின் பதில், "ஆடி முடிஞ்சா பொழுது பிந்தித்தான் விடியும்." தோட்டத்தில் கையில் கடியாரம் கட்டியவர்கள் நாலு பேர். நாலு பேரும் ஸ்டோர்க் கடியாரத்தைப் பார்த்துத்தான் முள் திருத்துவார்கள். ஆக எல்லாக் கடியாரமும் அரை மணி முந்திய ஒரே பொய்யைச் சொல்லின. மாலையில் வேலை முடிவது கடியாரத்தால் இல்லை, கடைசிக் கொழுந்து நிறுத்து முடிவதால். அது பழைய நேரத்திலேயே நின்றது. காலையில் எடுத்த அரை மணியை யாரும் திருப்பித் தரவில்லை.

அந்த அரை மணி ஆண்களுடையதும் இல்லை. அவர்கள் எழுந்து, பல் விளக்கி, கொடுத்ததைத் தின்று நடப்பவர்கள். அது அடுப்புக்கு முன்னால் இருக்கும் பெண்ணின் அரை மணி. மாரியாயியின் ஐந்தாவது குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். பெரட்டுக்கு முன் வயிறு நிறையக் குடித்தால்தான் அது பத்து மணிவரை பிள்ளைக்காம்பராவில் அழாமல் கிடக்கும். இப்போது பாதி வயிற்றில் மார்பிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. தப்பு பறிபோவது பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. குழந்தையைப் பற்றித்தான் பேசினார்.

"ஒரு பெட்டிசம் எழுதுங்க தம்பி, தொரைக்கு. இங்கிலீசுலயே எழுதுங்க. மீனைப் போட்டு எழுதுங்க. யாராவது ஒரு நல்ல கடியாரத்தோட வந்து எம்பக்கத்துல நிக்கட்டும். நான் 'இப்ப'ன்னு சொல்றேன். பாத்துக்கட்டும்."

எழுதினேன். கந்தப்பனும் முப்பத்திரண்டு பெண்களும் கைநாட்டு வைத்தார்கள். ஆனால் மீனைப் போடவில்லை.

மீன் என்று எழுதப் பேனா வரவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை சிரிப்பார், கிளாக்கர் சிரிப்பார், படித்தவன் எழுதியது இதுதானா என்பார்கள் என்று தோன்றியது. கிரேக்கன் சொன்னால் தத்துவம். அதைக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுத எனக்கு வெட்கமில்லை. மாரியாயி சொன்னதைத் துரையின் மேசைக்கு அனுப்பத்தான் வெட்கம். 'வானொலி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் கடிகாரம் அரை மணி முந்தியிருப்பது தெரிகிறது' என்று நேர்த்தியான ஆங்கிலத்தில் எழுதினேன். அதுதான் விஞ்ஞானம் போல் இருந்தது.

"மீனைப் போட்டாச்சா தம்பி?" என்று கேட்டார்.

"எல்லாம் போட்டிருக்கேன்" என்றேன்.

பத்தொன்பதாம் தேதி அலுவலகத்து வாசலில் விசாரணை. துரை நாற்காலியில். கிளாக்கர் என் தாளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வானொலி நேரம்னு போட்டிருக்கே. யார் வீட்டு ரேடியோ? எத்தனையாம் நம்பர் லயம்?"

எங்கள் லயங்கள் எதிலும் ரேடியோ இல்லை. அது அவருக்கும் தெரியும். எழுதும்போது எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். கந்தப்பன் விழித்தார். மாரியாயி முன்னால் வந்தார்.

"ரேடியோ இல்லீங்க ஐயா. மீன் பாத்துச் சொல்றோமுங்க. பெரிய வெள்ளை..."

"மீனா?" கிளாக்கர் துரையிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். "காயிதத்துல ரேடியோ, வாயில மீன். நாளைக்கு என்ன, ஆந்தை சொல்லுச்சும்பீங்களா?"

துரை கையெழுத்துப் போட்டு எழுந்தார். கந்தப்பன் தப்பைக் கழற்றி வாசற்படியில் வைத்தார். பெட்டிசம் எழுதியது யார் என்று எவரும் கேட்கவில்லை. நான் கூட்டத்தில் நின்றேன். 'ரேடியோ என்று எழுதியது நான்' என்ற நாலு சொல்லை நான் சொல்லவில்லை. மாரியாயி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பிள்ளைக்காம்பராவைப் பார்த்து நடந்தார். மறுநாள் முதல் ஸ்டோரில் சங்கு ஊதியது.

இரண்டு நாள் வீட்டுக்குள் கிடந்தேன். பிறகு பதுளைக்குப் பஸ் ஏறினேன். ஸ்டோர்க் கடியாரத்தைச் சுத்தம் செய்ய வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவர் அலவி நானா. பஜாரில் படிக்கட்டுக்குக் கீழே சின்னக் கடை, கண்ணில் பூதக்கண்ணாடி. நடந்ததைச் சொன்னேன்.

"அந்த மணிக்கூடு முந்தாது தம்பி" என்றார். "பழைய சாமான். கிழமைக்கு ஒரு நிமிஷம் பிந்தும், முந்த ஏலாது. அரை மணி முந்தியிருந்தா அது யாரோட விரலோ செய்த வேலை."

"எழுதித் தருவீங்களா நானா?"

"பாக்காமல் எழுத ஏலாது. நீங்களும் பாக்காமத்தானே எழுதியிருக்கீங்க." கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அந்தப் பொம்புளைட பேச்சையே எழுதியிருக்கலாமே. சூரியனையும் பிறையையும் பாத்துத்தான் நாங்களும் தொழுறோம், நோன்பு பிடிக்கிறோம். அதுல என்ன வெக்கம்?"

அன்று மாலை என்னோடு வந்தார், எங்கள் வீட்டில் தங்கினார். மறுநாள் சங்கு ஊதி எல்லோரும் பீலியில் இருந்தபோது அவரை அங்கே அழைத்துப் போனேன். அவருடைய கைக்கடியாரம் முதல் நாள் காலை கடையில் ஒன்பது மணி ரேடியோச் செய்திக்கு ஒத்து வைத்தது. மாரியாயி என்னோடு பேசவில்லை. அவரிடம் மட்டும், "நல்ல கடியாரமாங்க?" என்று கேட்டார்.

"எண்ட கடை அதுலதான் ஓடுது, தங்கச்சி."

மாரியாயி இரண்டு கைகளையும் நீட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக விரல்களை மலை விளிம்பில் அடுக்கினார். பத்து விரல். மேல் விரலுக்கும் கீழேதான் இருந்தது பெரிய வெள்ளை. பெண்கள் வாளிகளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். விழுந்த தண்ணீர் கல்லில் சிந்தி ஓடியது. யாரோ இருமினார்கள். பால் கேட்டுக் குழந்தை சிணுங்கியது, ஜெயலெட்சுமி வாங்கி ஆட்டினாள்.

"இப்ப" என்றார் மாரியாயி.

அலவி நானா டார்ச்சை அடித்துப் பார்த்தார். "நாலு இருபத்தொம்பது" என்றார். டார்ச்சை அணைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் எண்ட கடியாரத்துட பிழையாகவும் இரிக்கலாம்."

ஸ்டோர்க் கடியாரம் அப்போது ஐந்து மணி.

அன்றே அலவி நானா ஸ்டோருக்குப் போய் முள்ளைச் சரியாக வைத்தார். துரைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதில் வரவில்லை. மறுநாள் காலை முள் பழையபடி அரை மணி முன்னால் நின்றது. உண்மை தெரியாததால் நடந்த தவறு என்று அதுவரை எங்காவது ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. மாரியாயி சொன்னது சரி என்று அந்தத் தோட்டத்தில் மிக நன்றாகத் தெரிந்தவர் அவரைப் பார்த்துச் சிரித்த கிளாக்கர்தான். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பல் கூசுகிறது.

"கேட்டீங்களாடி, கடியாரம் அஞ்சு மணின்னு சொன்னப்ப உண்மையில நாலரைதான்" என்று பீலியில் ஜெயலெட்சுமி சொன்னாள். "இனி நான் மாரியாயி சொன்னாத்தான் எழும்புவேன். சங்கு ஊதுனா ஊதட்டும். அதுக்கு நெஞ்சு வலிச்சா நமக்கென்ன."

மறுநாள் சங்கு ஊதியது. மேட்டு லயத்தில் ஓர் அடுப்பும் புகையவில்லை. அரை மணி கழித்து, பீலிக்கரையில் மாரியாயி மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அகப்பைக் காம்பால் அடித்தார். டண், டண், நிறுத்தி டண், இன்னும் நிறுத்தி டண். அறுபது பெண்கள் எழுந்தார்கள். உண்மையான ஆறு மணிக்கு எல்லோரும் ஒன்றாகப் பெரட்டுக்களத்துக்குப் போனார்கள். பிந்திவிட்டது என்று கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பினார், திரும்பினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. வீடுகளில் அரிசி குறைந்தது. ஆண்கள் முணுமுணுத்தார்கள். கந்தப்பன் மட்டும், "அடிக்கிறது அவ. நான் என்னத்தச் சொல்ல" என்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மலையில் கொழுந்து முற்றத் தொடங்கியது. முற்றிய கொழுந்து எதற்கும் ஆகாது என்பது துரைக்கு எந்தப் பெட்டிசமும் இல்லாமலே தெரியும்.

மூன்றாம் நாள் சங்கும் தகரமும் ஒன்றாகக் கேட்டன.

யாரும் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. உத்தரவு இல்லை, மன்னிப்பு இல்லை. முள்ளை நகர்த்திய அதே விரல் அதைத் திரும்ப நகர்த்தியது, அவ்வளவுதான். தப்பு கந்தப்பனுக்குத் திரும்பி வரவில்லை. கோப்பில் அந்த வரி அப்படியே நின்றுவிட்டது.

தோட்ட மக்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி இந்த வருடம் மாரியாயியின் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருக்கிறது. அடுத்த மாதம் கப்பல். தோட்டத்து வேலையிலிருந்து விடுவிக்கும் பத்திரத்தை நான்தான் தட்டச்சு செய்ய வேண்டும். தொழில் என்ற இடத்தில் 'கொழுந்து பறிப்பவர்' என்றுதான் போட முடியும். வேறு சொல்லுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அதனால் கோப்பில் சேர்க்க ஒரு தாள் எழுதினேன். ஆறாமீன், சிவப்பு மீன், மூன்று மீன், பெரிய வெள்ளை, இடையில் விடும் நேரங்கள், இரண்டு நாளைக்கு ஒரு விரல், அலவி நானாவின் கடியாரம் காட்டிய நாலு இருபத்தொன்பது. ரேடியோ என்று பொய் எழுதியவன் இன்னார் என்று என் பெயர். கீழே கையெழுத்து. இதனால் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. எட்டு வருடம் பிந்திய தாள். பிந்தியவன் கந்தப்பனில்லை என்பதற்கு அதுவே சாட்சியாக இருக்கட்டும்.

கோப்பில் குத்துவதற்கு முன் தாளை எடுத்துக்கொண்டு மேட்டு லயத்துக்குப் போனேன். மாரியாயி தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறேன் என்று முழுவதும் தமிழில் சொல்லி முடித்தேன். அவர் சேலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுல ரேடியோ இருக்கா?"

"நான் எழுதுன பொய்யின்னு இருக்கு, அக்கா."

அக்கா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த சேலையை எடுத்தார்.

"நாங்க போற ஊருல கெழக்க மலை இருக்குமா தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.